டைவ் கம்ப்யூட்டரா, அட்டவணையா? ஆறு வருடம் இரண்டையும் பார்த்தவனின் அனுபவம்

ஸ்கூபா பயிற்சியின் முதல் வாரம் என் கைக்கு வந்தது தண்ணீருக்கடியில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர் இல்லை, ஒரு பிளாஸ்டிக் அட்டை. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும், பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பு 1988இல் கொண்டுவந்த ஆர்டிபி (RDP) அட்டவணை. 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 20 மீட்டரில் 45. தவறிப்போய் 18.3 மீட்டரைத் தொட்டாலும் மொத்த டைவுக்கும் 20 மீட்டர் கணக்குதான். பாறை இடுக்கில் ஒரு நண்டை எட்டிப் பார்த்ததற்கு எனக்குப் பதினொரு நிமிடம் போனது!

அந்தக் கண்டிப்பு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலிருந்து உடம்பில் நைட்ரஜன் சேருகிறது, அளவு மீறினால் ஆபத்து, மேலே வந்த பிறகும் மிச்சம் இருக்கிறது என்பது விரலால் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது.

அப்புறம் கம்ப்யூட்டர் வாங்கினேன். அது சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். 20 மீட்டரில் மிச்சம் 6 நிமிடம் என்று காட்டியது, 12 மீட்டருக்கு ஏறியதும் 40ஐத் தாண்டியது. அட்டவணை கொடுக்காத சலுகை இது. ஏறும் வேகத்திலும் கறார்: அட்டவணையில் நிமிடத்துக்கு 18 மீட்டர் வரை போகலாம், என் கருவி 9ஐத் தாண்டினாலே கத்தும். பொழுதுபோக்கு டைவிங்குக்கு கம்ப்யூட்டர்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் "கம்ப்யூட்டர் போனால் அட்டவணை இருக்கிறதே" என்பார்கள். நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் இரண்டாவது டைவில், 14 மீட்டரில் திரை அணைந்துபோனது. காலையிலேயே பேட்டரி குறி மின்னியது, நான்தான் பார்த்தும் விட்டுவிட்டேன். ஆழம், நேரம் இரண்டும் அதே திரையில்தான் என்பதால் எல்லாம் ஒரே அடியில் போயிற்று. கூட்டாளியின் கருவியைப் பார்த்தபடி மெல்ல ஏறி, 5 மீட்டரில் வழக்கமான மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்துக்கும் கூடுதலாகவே நின்றுவிட்டு வந்தேன்.

படகில் பழைய அட்டையை எடுத்தேன். முதல் டைவில் அதிகபட்சம் 24 மீட்டர், மொத்தம் 48 நிமிடம். 24க்குக் கட்டம் கிடையாது, 25 மீட்டர் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே எல்லை 29 நிமிடம். படிப்படியாக ஏறி வந்ததால் கம்ப்யூட்டர் கணக்கில் சுத்தமான டைவ், அட்டவணை கணக்கில் நான் எப்போதோ வெளியே போய்விட்டேன். அதை வைத்து அடுத்த டைவுக்குத் திட்டமே போட முடியாது. ஒருவர் தன் கருவியை இரவல் தர வந்தார். அன்று தண்ணீரையே பார்க்காத கருவி. என் உடம்பில் இருந்த நைட்ரஜன் அதற்கு எப்படித் தெரியும்? 24 மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சாதாரண கம்ப்யூட்டர் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். பையில் தூங்கினால் அதுவும் இரவல் கருவி மாதிரிதான். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் முதல் டைவிலிருந்தே இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று.