பியானோ கற்க ஆசிரியரா, செயலியா?

செயலிக்குச் செலவு குறைவு, நடுராத்திரியிலும் பழகலாம். எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்று சொல்லிவிடும். ஆனால் கை எப்படி இருந்தது என்பது அதற்குத் தெரியாது.

அனுபவமுள்ள ஆசிரியர் முதலில் பார்ப்பதே மணிக்கட்டைத்தான். தோள் தூக்கியிருக்கிறதா, சுண்டுவிரல் விறைத்திருக்கிறதா என்று கவனிப்பார். சி மேஜர் ஸ்கேலில் (சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளில் மட்டும் போகும் சுர வரிசை) வலது கை மேலேறும்போது, நடுவிரலுக்கு அடியில் கட்டைவிரல் நுழைந்து எஃப் கட்டையைத் தொட வேண்டும். அந்த இடத்தில் முழங்கை வெளியே துருத்தினால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். இது பழகிப்போனால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. காலால் மிதிக்கும் பெடலுக்கும் ஆசிரியர் வேண்டும், காதால் கேட்டுத்தான் அதிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு (படிநிலை) இசைத் தேர்வுக்குப் போவதானால் ஆசிரியரே சரி. கட்டணம் கூடுதல்தான். கட்டுப்படியாகாவிட்டால் மாதம் இரண்டு வகுப்பாவது நேரில் வையுங்கள். நோட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) வாசிக்கப் பழகுவதைச் செயலியிடம் விடலாம்.