மலை ஈரத்தில் பழைய ஆம்ப்: கண்டென்சரை மாற்றுவதா, கான்டாக்டைத் துடைப்பதா?

அப்பா வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று எங்கள் குன்னூர் வீட்டில் எட்டு வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்தது. போன ஐப்பசியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் பாடவில்லை, வால்யூமைத் திருகினால் கரகரப்பு, இரண்டு ஸ்பீக்கரிலும் ஹம்மிங். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “பழைய செட்டா? கண்டென்சர் மொத்தத்தையும் மாத்திடுங்க.” சமவெளிக்கு அது சரியாக இருக்கலாம். மலையில் அது இரண்டாவது வேலை என்பதுதான் என் கட்சி.

மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு எதிரி சூடு. உள்ளே இருக்கும் திரவம் மெல்லக் காய்ந்துபோகும். சுற்றியுள்ள சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. மதுரை மொட்டைமாடி அறையில் வெந்த செட்டும், 1,850 மீட்டர் உயரத்தில் குளிரில் இருந்த செட்டும் ஒரே வயதுதான் என்றாலும் ஒரே நிலையில் இருக்காது. சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் தகடுகளான கான்டாக்டுகளின் கதை நேர்மாறு. வடகிழக்குப் பருவமழையில் மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிற ஊர் இது, தோல் செருப்பில் பூஞ்சை பூக்கிற ஈரத்தில் பாட்டு வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சும், ஸ்பீக்கரைத் தானே இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் மட்டும் பளபளவென்று இருக்குமா?

அதனால் சால்டரிங் அயர்னை ஓரமாக வைத்துவிட்டு முதலில் வயர்களை இடம் மாற்றி மாட்டிப் பார்த்தேன். பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயரை மாற்றினால் ஸ்பீக்கர் நல்லதா என்று தெரிந்துவிடும். இன்புட் வயரை மாற்றினால் பாட்டு வருகிற இடம் நல்லதா என்று தெரிந்துவிடும். காசே செலவில்லை. குறை ஆம்புக்குள் என்று உறுதியான பிறகுதான் மூடியைக் கழற்றினேன். பிளக்கைப் பிடுங்கி, தேங்கிய மின்சாரம் இறங்க 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரைப் பெரிய கண்டென்சர்களின் முனைகளில் ஒரு நிமிஷம் பிடித்து, மீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்த்த பிறகே உள்ளே கை. ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ரிலேயின் மூடியைக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு தகடுகளுக்கும் நடுவே வைத்து விரலால் லேசாக அழுத்தியபடி இழுத்தேன். தாளில் பென்சில் கோடு போல ஒரு கருப்பு. நாலாவது தாள் வெள்ளையாக வந்தது. மாட்டிப் போட்டதும் இடது பக்கம் பாடியது! வால்யூமுக்கும் செலக்டருக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி, அப்புறம் முப்பது தடவை இந்தக் கோடி அந்தக் கோடி திருகல். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது தங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மொத்தமாக மாற்றும் வழியில் எனக்குள்ள பயம் வேறு. நாற்பதுக்கு மேல் கண்டென்சர். பழைய போர்டில் சூடு கொஞ்சம் கூடினால் செம்புத் தடம் உரிந்து வரும். ஒன்றைத் தலைகீழாகப் போட்டாலும் போச்சு. பிறகு புதிதாக ஒரு குறை வந்தால் நாற்பதில் எது என்று தேடுவது எப்படி? ஆனால் மேல்மூடி உப்பியிருந்தால், அடியில் கசிந்திருந்தால், அந்தக் காலத்து மஞ்சள் பசை பழுப்பாகிப் பக்கத்துக் கம்பியை அரிக்க ஆரம்பித்திருந்தால் யோசிக்காமல் மாற்றத்தான் வேண்டும். என் ஹம்மிங் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் குறையவில்லை. கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் அல்ல, ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் தாண்டி வருகிற 100 ஹெர்ட்ஸ். அதை வடிகட்ட வேண்டியவை இரண்டு பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள். அந்த இரண்டை மட்டும் மாற்றினேன், ஹம்மிங் போயிற்று.

நாள்பட்ட செட்டை நேரடியாக மெயினில் சொருகக் கூடாது. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கா, கரன்ட் வரும் வழியில் இடையே மாட்டும் சீரிஸ் பல்பா என்றால் எனக்குப் பல்புதான். வேரியாக் வோல்டேஜை மெல்ல ஏற்றும், ஆனால் ஷார்ட் இருந்தால் கரன்ட்டைத் தடுக்காது, விலையும் அதிகம். 100 வாட் குண்டு பல்பு ஒன்று, ஹோல்டர், சாக்கெட் போதும்: ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

பழைய பெட்டிக்குள் 4440 என்ற ஆம்ப் ஐசி போர்டைப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. சேனலுக்கு 6 வாட், 12 வோல்ட் சங்கதி அது. பழைய டிரான்ஸ்பார்மரோடு ஒட்டவே ஒட்டாது. கீழே கடைக்கு அனுப்புவதும் ஒரு வழிதான். வேறொரு செட்டை அப்படி அனுப்பி, போலி அவுட்புட் டிரான்சிஸ்டரோடு திரும்பி வந்து ஒரே மாதத்தில் போன வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகக் கூடாத டிசி வோல்டேஜ் அதன் முனைகளில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்: இடது 18 மில்லிவோல்ட், வலது 23. 50க்குள் இருந்தால் நிம்மதி. இப்போது ஆம்ப் இருக்கிற அலமாரியின் அடித்தட்டில் ஒரு 15 வாட் குண்டு பல்பை மழைக்காலம் முழுக்க எரிய விடுகிறேன்.