தொலைபேசியில் அட்டை எண்: எந்த இடத்தில் மறிப்பது?

அழைப்பு நிலையத்துக்குக் கட்டண அமைப்பை விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வது, “எங்களிடம் ஒலிப்பதிவில் அட்டை எண் இருக்காது” என்பதுதான். நல்லது. ஆனால் ஒலிப்பதிவு அந்த எண் போய்ச் சேரும் கடைசி இடம். அதற்கு முன்பே அது தொலைபேசி இணைப்பில் வந்து, அலுவலக நெட்வொர்க்கில் ஓடி, ஊழியரின் ஹெட்செட்டில் ஒலித்து, அவர் விரல் வழியே கணினிக்குள் போயிருக்கும். எனவே நான் கேட்பது ஒன்றுதான்: எண்ணை எந்த இடத்தில் மறிக்கிறீர்கள்?

அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ்ஸும் இப்படித்தான் பார்க்கிறது. எண் கடந்து போகும் ஒவ்வொரு கருவியும், அதைக் கேட்கும் ஒவ்வொரு ஊழியரும் தணிக்கைக்குள் வருவார்கள். தொலைபேசிக் கட்டணத்துக்கென்றே 2018 நவம்பரில் தனி வழிகாட்டி வந்தது. அட்டையின் பின்பக்கம் இருக்கும் சிவிவி எண்ணை, கட்டணத்துக்கு ஒப்புதல் கிடைத்த பின் குறியாக்கம் செய்து பூட்டி வைத்தாலும் சேமிக்கக் கூடாது. பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் நான்காம் பதிப்பில் அவகாசம் கொடுத்திருந்த விதிகளும் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாகிவிட்டன.

மலிவான வழி, பதிவை நிறுத்தி மீண்டும் தொடங்குவது. ஊழியரே பொத்தானை அழுத்தலாம், அல்லது கட்டணப் பக்கம் திறந்ததும் பதிவு தானாக நிற்கலாம். ஊழியரை நம்பினால் மறதி இருக்கிறது. தானியங்கியை நம்பினால், பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் “நாலு அஞ்சு ரெண்டு...” என்று ஆரம்பித்துவிடுவார். இரண்டிலும் ஊழியரின் காது, கணினி, நெட்வொர்க் எல்லாம் தணிக்கை எல்லைக்குள்தான். அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அந்த அறையும் சேர்த்து. காப்பீடு விற்கும் இடத்தில் இன்னொரு சிக்கல்: பிற்பாடு தகராறு வந்தால், பதிவில் விழுந்த ஓட்டையே கேள்வியாகும். இதை நிரந்தரத் தீர்வாக எண்ண எனக்கு மனமில்லை.

அடுத்தது, வாடிக்கையாளரே தன் தொலைபேசியில் எண்களை அழுத்துவது. இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளின் சேர்க்கை. 1ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து வரும். அந்த ஒலி பதிவில் இருந்தால் ஒரு சாதாரண மென்பொருளே எண்ணைத் திருப்பி எடுத்துவிடும். ஆகவே நடுவில் இருக்கும் கருவி ஒலியைப் பிடித்து, எண்ணை நேராகக் கட்டண நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, ஊழியருக்கு ஒரே மாதிரியான ‘பீப்’ மட்டும் கொடுக்கும். திரையில் நட்சத்திரக் குறிகள். பேச்சு அறுபடுவதில்லை. “ஒரு நம்பர் குறையுது ஆன்ட்டி, ஸ்டாரை அழுத்திட்டு மறுபடி போடுங்க” என்று ஊழியர் கூடவே இருந்து சொல்லலாம்.

இந்தக் கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் செலவும் பாதுகாப்பும் பிரிகின்றன. அலுவலகத்துக்குள், வெளி அழைப்புகள் நுழையும் வாசல் கருவியான எஸ்பிசிக்கும், அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் அலுவலகத் தொலைபேசி அமைப்பான பிபிஎக்ஸுக்கும் நடுவே வைத்தால் கட்டுப்பாடு உங்கள் கையில். ஆனால் வெளி இணைப்பும் எஸ்பிசியும் எண்ணைப் பார்த்துவிடுகின்றன, தணிக்கையும் அங்கே வரும். கிளவுடில், அதாவது சேவை தருபவரின் சர்வரில், அழைப்பு கட்டடத்தைத் தொடும் முன்பே மறித்தால் அந்தத் தலைவலி இல்லை. பதிலுக்கு எல்லா அழைப்பும் இன்னொருவர் வாசல் வழியாக வருகிறது. அவர் படுத்தால் நீங்களும் படுத்தீர்கள். அவருடைய சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து பேசுகிறவரின் குரல் அங்கே போய்த் திரும்பும், தாமதம் காதுக்கே தெரியும். வாடிக்கையாளர் தகவல் வெளிநாடு போனால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலேயே சர்வர் உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, விளக்கப் படங்களில் வராதது. பொத்தான் ஒலி சில இணைப்புகளில் பேச்சோடு கலந்து வரும், சிலவற்றில் தனித் தகவலாக வரும், சிலவற்றில் இரண்டு விதமாகவும் வரும். கருவி ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது கசியும். ஒலியைக் கண்டுபிடிக்கும் முன் அதன் முதல் சில மில்லிவினாடிகள் நழுவிப் போவதும் உண்டு. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, வீட்டுத் தொலைபேசி என ஒவ்வொன்றிலிருந்தும் அழைத்து, பதிவை எடுத்துச் சோதிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

முழுக்க இயந்திரக் குரலுக்கு மாற்றிவிடும் ஐவிஆர் முறை, மாதா மாதம் வரும் பில்லுக்கும் இரவு நேரத்துக்கும் சரி. விற்பனைக்குச் சரிவராது, நான்கு மொழியிலும் குரல் பதிவு செய்தாலும், பாதியில் தடுமாறியவர் போனை வைத்துவிடுவார்.

குறுஞ்செய்தியில் கட்டண இணைப்பு அனுப்புவது தொழில்நுட்பத்தில் எல்லாவற்றையும்விடச் சுத்தம். தொலைபேசிப் பாதையில் எண்ணே வராது. வங்கியின் கூடுதல் சரிபார்ப்பும் நடக்கும், அதனால் மோசடி நடந்தால் இழப்பு பெரும்பாலும் வணிகர் தலையில் விழாது. தொலைபேசியில் எண் வாங்கினால் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஆனால் ஊர் சிங்கப்பூர். 2021 டிசம்பரில் உச்சத்துக்குப் போன ஓசிபிசி வங்கியின் பெயரிலான குறுஞ்செய்தி மோசடியில் 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அடுத்த மாதமே வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2023 ஜனவரி 31 முதல் பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் போகும் செய்திக்கு ‘லைக்லி-ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்ற முத்திரை. பெயரைப் பதிவு செய்வது எளிது. “லிங்கை அழுத்தாதீங்க பாட்டி” என்று பேரப்பிள்ளை சொல்லி வைத்திருக்கும்போது, நம் ஊழியர் “அழுத்துங்க” என்று சொல்வதுதான் சங்கடம்.

வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவ் முறையின் கியூஆர் குறியீடு, கட்டண அட்டையையே தவிர்த்துவிடும். தவணைத் திட்டம் வேண்டாதவர்களுக்கு அது போதும்.

என் தேர்வு: தொலைபேசியில் நாள் முழுக்கப் பணம் வாங்கும் நிறுவனத்துக்கு, உள்ளூர் சர்வரோடு கூடிய கிளவுட் மறிப்பு. சொந்தச் செயலி இருந்தால் இணைப்பை அதற்குள் அனுப்பலாம், குறுஞ்செய்தியில் வேண்டாம். நாளுக்கு நாலு கட்டணம் வாங்கும் சிறிய கடைக்கு இதெல்லாம் தேவையே இல்லை, பேநவ் போதும்.

எதை வாங்கினாலும், கண் சரியாகத் தெரியாத ஒருவர் “தம்பி, நான் படிக்கிறேன், நீங்களே போட்டுக்குங்க” என்று ஆரம்பிப்பார். உடனே இடைமறிக்கவும், பதிவில் விழுந்ததை நீக்கவும், அருகிலுள்ள ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் அந்த பில்லைக் கட்ட முடியும் என்றால் அதைச் சொல்லவும் ஊழியருக்குப் பயிற்சி வேண்டும். அப்புறம், ஊழியர் எண்ணைத் தட்டச்சு செய்யும் பழைய கட்டணப் பக்கம். “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று அதைத் திறந்தே வைத்தால் அவசரம் தினமும் வரும். அது மூடப்படும் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.