ஜேர்சி ஓடர்: படிவமா, அல்பமா?

மத்திய வீதிப் பக்கம் மச்சான் ஒரு ஜேர்சிக் கடை வைத்திருக்கிறான். உதைபந்தாட்டக் கழகங்கள், பழைய மாணவர் பட்ச்கள், திருவிழாத் தொண்டர்கள் என்று ஓடருக்குக் குறைவில்லை. எடுக்கும் முறைதான் பழசு: வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவைக் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதுவான். போன மாதம் 18 ஜேர்சியில் 7ஆம் இலக்கம் இரண்டு பேருக்கு விழுந்துவிட்டது. பேர் அடித்த சட்டையைத் திருப்பி எடுத்து யாருக்கு விற்பது? முதுகில் 'கோபி 7' என்று இருப்பதை இன்னொரு கோபி வந்தாலொழிய ஒருவரும் தொடமாட்டார்கள்.

ஆகவே இணையத்தில் ஒரு ஓடர் பக்கம் போடுவது என்று முடிவானது. அதை எப்படி அமைப்பது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. மச்சான் அல்பம் கட்சி: முடித்த டிசைன்கள் 60ஐயும் போடு, பிடித்ததை எடுக்கட்டும். நான் படிவம் கட்சி: கழுத்து, கை, நிறம், எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேள், அவர்களே தங்கள் ஜேர்சியை உருவாக்கட்டும்.

என் கட்சிக்கு ஆய்வுப் பலம் இருந்தது. சிந்தியா ஹஃப்மனும் பார்பரா கானும் 1998இல் இதே சண்டையைத்தான் சோதித்தார்கள். தெரிவுகள் மலிந்து கிடக்கும்போது முழுப் பொருள்களாகக் காட்டுவது நல்லதா, அம்சம் அம்சமாகப் பிரித்துக் காட்டுவது நல்லதா? பிரித்துப் பார்த்தவர்களுக்குக் குழப்பம் குறைவு, திருப்தி கூட. அதோடு, ஒவ்வொரு அம்சத்திலும் தன் விருப்பம் என்ன என்று ஆளையே சொல்லவைத்ததும் உதவியது. அப்புறம் 2004இல் ஃபிராங்கவும் பில்லரும் கைக்கடிகாரத்தை வைத்துச் செய்த ஆய்வு. தாமே வடிவமைத்த கடிகாரத்துக்கு, அதே தரத்தில் கடையில் நன்றாக விற்கும் கடிகாரத்தைப்போல் சராசரியாக இரண்டு மடங்கு விலை கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். இதைச் சொன்னபோதுதான் மச்சான் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

ஆனால் படிவத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. ஜொனதன் லெவாவும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் நிஜமாகவே கார் வாங்க வந்தவர்களிடம் பார்த்து 2010இல் வெளியிட்டது இது. கியர்ப்பிடியில் 4 வகை, சில்லு ரிம்மில் 13, எஞ்சினும் கியர்பெட்டியும் சேர்ந்த அமைப்பில் 25, உள்நிறத்தில் 56. எதை முதலில் கேட்கிறோம் என்பதை மட்டும் மாற்றினார்கள். கூடுதல் தெரிவுள்ள கேள்விகளை முன்னே போட்டால் ஆள் களைத்துப்போய், பிறகு வரும் கேள்விகளுக்கு ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பதையே 'சரி, இருக்கட்டும்' என்று விட்டுவிடுகிறார். வரிசை ஒன்றால் மட்டும் ஒரு காருக்குச் சராசரியாக 1,500 யூரோவுக்கு மேல் வித்தியாசம்.

என் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் கேள்வியே நிறம், 40 கட்டங்கள். இலக்கம் எழுதும் இடம் கடைசியில். ஆள் மிகவும் களைத்திருக்கும் இடத்தில், பிழை விட்டால் சட்டையே வீணாகிற கேள்வியை வைத்திருந்தேன்! இப்போது கை 2, கழுத்து 3, எழுத்துரு 6 என்று போய், நிறம் பின்னால் வருகிறது. பேரும் இலக்கமும் தனிப் பக்கம். ஒரே இலக்கத்தை இரண்டு முறை போட்டால் அது ஏற்காது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பீட்சாவை வைத்து அமெரிக்காவிலும் இத்தாலியிலும் செய்து 2002இல் வந்த ஆய்வு. வெறும் பீட்சாவில் வேண்டியதைச் சேர்க்கச் சொன்னால் குறைவாகச் சேர்க்கிறார்கள். எல்லாம் போட்டதைக் காட்டி வேண்டாததை எடுக்கச் சொன்னால் கூடுதலாக விட்டுவைக்கிறார்கள், பில்லும் ஏறுகிறது. மச்சானின் கண் மின்னியது. நான் விடவில்லை. பொடியன்கள் ஆளுக்கு நூறு இருநூறு என்று சேர்த்துத்தான் ஜேர்சி அடிக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும் அல்பத்தை நான் குறைத்து மதித்திருந்தேன். கடிகாரம் வாங்குகிறவர் தனியாக முடிவெடுப்பவர். ஜேர்சியை 18 பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுக்கிறார்கள். பாதி நிரப்பிய படிவத்தைக் கப்டன் எப்படிக் குழுவில் போடுவார்? படம் என்றால் போட்ட உடனே சண்டை தொடங்கி, இரவுச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். "மச்சான், சனத்துக்கு என்ன வேணும் எண்டு கேட்டா முழிக்கும். ஒண்டைக் காட்டினா, இது வேண்டாம் எண்டு உடன சொல்லும்" என்றான் மச்சான். உண்மைதான். அல்பத்தின் குறை, யாரும் அதிலுள்ளதை உள்ளபடி எடுப்பதில்லை என்பது. அந்த நீலத்தில் இந்தக் கழுத்து வேண்டும் என்றுதான் வருவார்கள்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருப்பது பிறகுதான் கண்ணில் பட்டது. ஹில்டபிராண்ட், ஹோய்பல், ஹெர்மன் மூவரும் 2014இல் எழுதியது: முதலில் முடித்த மாதிரிகள் சிலவற்றில் ஒன்றை எடுக்கவிட்டு, பிறகு அதையே அம்சம் அம்சமாகத் திருத்தவிடுவது. வெறும் படிவத்தைவிடச் சிக்கல் குறைவாகத் தெரிகிறது, திருப்தி கூடுகிறது. எங்களுக்கு இதுதான் பொருந்தும். 60ஐ 12 ஆக வெட்டினோம். மச்சானுக்கு ஒவ்வொன்றும் பிள்ளை மாதிரி, அதற்கே இரண்டு நாள் போனது. மாதிரியைக் கப்டன் குழுவுக்கு அனுப்பலாம், தீர்ப்பு வந்ததும் திறந்து திருத்தலாம்.

எந்த முறையாலும் தீராத ஒன்று நிறம். டிசைனைத் தாளில் அச்சடித்து, அதைத் துணிமேல் வைத்து ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் அழுத்தும்போது மை ஆவியாகி பொலியெஸ்டர் நூலுக்குள் இறங்குகிறது. போன் திரையில் தெரியும் நீலமும் துணியில் இறங்கும் நீலமும் ஒன்றாக வருவது அபூர்வம். புதிய பக்கத்தில் முதல் ஓடர் உப்புவெளிப் பொடியன்களுடையது. மாதிரி 4, கழுத்து மாற்றி, 18 பேரின் பெயரும் இலக்கமும் பிழையில்லாமல் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் கப்டனின் குரல்பதிவு: "அண்ணே, எல்லாம் போட்டாச்சு. துணியை மட்டும் ஒருக்கா நேரில வந்து பாக்கட்டா?"