பிரப்பன்வலசை கோப்பு மட்டும் ஏன் விரியாது? நண்டு கம்பெனிக் கணக்கில் சில வருட அனுபவம்

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன். கொள்முதல் மென்பொருள் ஓடுவது லினக்ஸ் சர்வரில், எங்கள் மேசையில் இருப்பது விண்டோஸ் 10. எடை, விலை, முன்பணக் கழிவு எல்லாம் சுத்தமாகப் போடும், வேகமும் பரவாயில்லை. குடைச்சல் ஒன்றே ஒன்றுதான்.

தினமும் ஊர்வாரியாக ஒரு சிஎஸ்வி கோப்பு போட்டு ஜிப்பாக அனுப்பும். கோப்பின் பெயர் ஊரின் மூன்றெழுத்துச் சுருக்கம். பாம்பன், வேதாளை, தங்கச்சிமடம் எல்லாம் ஒழுங்காக விரியும். பிரப்பன்வலசைக்கு மென்பொருள்காரர்கள் வைத்தது பிஆர்என், அது மட்டும் விரியாது. அந்த ஊர் ஆள் பணத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பார், இங்கே 'டிவைஸ் பெயர் செல்லாது' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். எந்த டிவைஸ்? நான் என்ன பிரிண்டரையா தொட்டேன்?

பிரிண்டரைத்தான். விண்டோஸுக்கு பிஆர்என் என்றாலே பிரிண்டர். சிஓஎன், ஏயூஎக்ஸ், என்யூஎல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9 வரை இப்படி டிவைஸ்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் அதே கதைதான். 1970களில் இருந்த சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்துப் பழக்கம் இது. விண்டோஸுக்கு முன்னால் இருந்த டாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது, 1983ல் டாஸ் 2.0 வந்து ஃபோல்டர் கொடுத்தபோதும் பழைய புரோகிராம்கள் கெட்டுவிடக் கூடாதென்று இந்தப் பெயர்களை எல்லா ஃபோல்டரிலும் செல்லும்படியே விட்டுவிட்டார்கள்.

இதாவது பிழை காட்டுகிறது. என்யூஎல் இன்னும் மோசம், ஏதாவது புரோகிராம் அந்தப் பெயரில் எழுதினால் சேமித்தாயிற்று என்றே சொல்லும், போய்ப் பார்த்தால் கோப்பே இருக்காது.

மென்பொருள்காரர்களிடம் சொல்லிப் பார்த்தோம், 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறதே' என்றார்கள். லினக்ஸில் சரிதான், அங்கே இந்தப் பெயர்களுக்குத் தடை இல்லை. அப்புறம் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துத் தேதி சேர்த்துக் கொடுத்தார்கள், அதுவும் எடுபடவில்லை, ஏனென்றால் விண்டோஸ் 10 பார்ப்பது முதல் புள்ளிக்கு முன்னால் இருப்பதை. தேதியை முன்னால் கொண்டுபோய், கோடு போட்டு ஊரை எழுதச் சொன்ன பிறகுதான் தீர்ந்தது.

எப்படியோ உள்ளே வந்துவிட்ட கோப்பை அழிக்க எக்ஸ்புளோரரில் மல்லுக்கட்டாதீர்கள். கமாண்ட் பிராம்ப்டில் டெல் அடித்து, முழுப் பாதைக்கு முன்னால் இரண்டு பின்சாய்வுக்கோடு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்வுக்கோடு போட்டால் போய்விடும். மென்பொருளை மாற்றும் எண்ணம் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஊர்ச் சுருக்கப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.