கலிஃபோர்னியா, டெக்சாஸ்: பிள்ளைகளின் கணக்கு எந்த வகுப்பில் பிரிகிறது?

சான் ஹோசே பக்கத்திலிருந்து டல்லாஸுக்கு வேலை மாறிப் போகும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டு விலையை அலசி முடித்ததும் அடுத்து எடுப்பது பள்ளிப் பேச்சைத்தான். "டெக்சாஸில் படிப்பு பின்தங்கியதாமே?" என்று ஒருவர் கேட்பார். "கலிஃபோர்னியாவில் கணக்கே சொல்லித்தருவதில்லையாமே?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்பார். இரு மாநிலங்களின் கற்றல் தரநிலைகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். தமிழ்நாட்டில் அரசே பாடநூலை அச்சிட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதுபோல் அமெரிக்காவில் இல்லை. அங்கே கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மாநிலம் வரையறுக்கும். எந்தப் புத்தகத்தை வைத்து நடத்துவது என்பது பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்தின், முடிவு. ஆகவே நாம் ஒப்பிடுவது அந்த வரையறைகளை.

கலிஃபோர்னியா கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் 2010-இல், பல மாநிலங்களுக்குப் பொதுவான 'காமன் கோர்' தரநிலைகளை ஏற்றது. வாஷிங்டன் திணித்த பாடத்திட்டம் என்று அதைத் திட்டுகிறவர்கள் உண்டு. அதை உருவாக்கும் முயற்சியை நடத்தியவை மாநில ஆளுநர்களின் சங்கமும் மாநிலக் கல்வித் துறைத் தலைவர்களின் மன்றமும். ஆனால் ஒபாமா அரசு 435 கோடி டாலர் போட்டி நிதியை அறிவித்து, இத்தகைய தரநிலைகளை ஏற்கும் மாநிலங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் என்றதும் உண்மை. தூண்டிலில் புழு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டெக்சாஸ் அதைக் கடிக்கவில்லை. 'டீக்ஸ்' எனப்படும் தன் சொந்தத் தரநிலைகளே போதும் என்றது. 2013-இல் காமன் கோரைப் பள்ளிகளில் பயன்படுத்தக் கூடாதென்று சட்டமே போட்டது.

இவ்வளவு பகை இருக்கிறதே, உள்ளே எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று மூன்றாம் வகுப்புப் பின்னங்களைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. 2, 3, 4, 6, 8 ஆகிய பகுதிகளைக் கொண்ட பின்னங்கள் மட்டும் போதும் என்கிறது காமன் கோர். 2012-இல் திருத்தப்பட்ட டீக்ஸ் சொல்வதும் அதே ஐந்து எண்கள். இரண்டும் பின்னத்தை எண்கோட்டில் வைத்துக் காட்டச் சொல்கின்றன. பெருக்கல் வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டியதும் இரண்டிலும் மூன்றாம் வகுப்பில்தான். காமன் கோருக்கு ஒன்பது ஒன்பது வரை, டெக்சாஸுக்குப் பத்துப் பத்து வரை. பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்து வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கு இரண்டுமே குறைவாகத்தான் தோன்றும்.

வேறுபாடு இருப்பது வரிசையில். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கும் வழக்கமான முறையை டெக்சாஸ் மூன்றாம் வகுப்பிலேயே, ஈரிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் பெருக்குவதில் தொடங்குகிறது. காமன் கோர் அந்த முறையில் சரளத்தை ஐந்தாம் வகுப்பில்தான் கேட்கிறது. நீள்வகுத்தலில் இடைவெளி இன்னும் பெரிது: டெக்சாஸில் ஓரிலக்க எண்ணால் வகுப்பது நான்காம் வகுப்பு, ஈரிலக்க எண்ணால் வகுப்பது ஐந்தாம் வகுப்பு, காமன் கோரில் வழக்கமான வகுத்தல் முறை ஆறாம் வகுப்பு. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் இடமதிப்பைக் கொண்டும் கட்டங்கள் வரைந்தும் பிள்ளைகள் வகுக்கிறார்கள். வீட்டுப்பாடத்தைப் பார்த்து "நாலு வரியில் முடிய வேண்டியதை இவ்வளவு நீட்டுகிறார்களே" என்று அப்பாக்கள் தலையில் அடித்துக்கொள்வது இந்த இரண்டு ஆண்டுகளில்தான். குறை முழு எண்களிலும் அப்படியே. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் டெக்சாஸ் ஆறாம் வகுப்பில் முடிக்கிறது. காமன் கோர் ஏழாம் வகுப்பில் கையில் எடுக்கிறது.

எது மேல்? கட்டம் வரைந்து வகுத்த பிள்ளைக்கு வகுத்தல் ஏன் வேலை செய்கிறது என்று தெரிகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு டெக்சாஸ் வரிசைக்கே. அந்த ஆவணம் 'உத்திகளும் வழக்கமான முறையும்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்கிறது. புரிந்துகொள்ள இரண்டு ஆண்டு, அதற்குப் பிறகுதான் முறை என்று பிரித்து வைப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. வீட்டில் அப்பாவோ டியூஷன் ஆசிரியரோ முறையைச் சொல்லிக்கொடுத்துவிடும் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு உறைக்காது. அப்படி ஒருவர் இல்லாத பிள்ளைதான் முழுக்கக் காத்திருக்கிறது.

டெக்சாஸ் கணக்கில் எனக்குப் பிடித்த இன்னொன்று பணம். மழலையர் வகுப்பிலேயே நாணயங்களின் பெயர். தேவை எது, ஆசை எது என்ற பாகுபாடு. எட்டாம் வகுப்பில் தனிவட்டி, கூட்டுவட்டி, கல்லூரிச் செலவின் மதிப்பீடு. இடைப்பட்ட எல்லா வகுப்பிலும் இதற்கென்று தனிப் பகுதி உண்டு. காமன் கோரில் நாணயம் தலைகாட்டுவதே இரண்டாம் வகுப்பில். பணநிர்வாகத்துக்குத் தனிப் பகுதி கிடையாது.

நம் பெற்றோர் குரல் உயர்த்தும் இடம் எட்டாம் வகுப்பு இயற்கணிதம். கலிஃபோர்னியாவின் பழைய 1997 தரநிலைகள் எல்லாப் பிள்ளைகளையும் எட்டாம் வகுப்பிலேயே அதை நோக்கித் தள்ளின. காமன் கோர் வந்தபின் அது ஒன்பதாம் வகுப்புக்கு நகர்ந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ இன்னும் ஒரு படி போய், 2014-இல் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தையே எடுத்துவிட்டது. பத்தாண்டுச் சண்டைக்குப் பிறகு 2024-இல் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். டெக்சாஸ் 2023-இல் வேறு வழியில் சட்டம் இயற்றியது: ஐந்தாம் வகுப்புத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்கு வகுப்பில் தானாகவே சேர்க்க வேண்டும், வேண்டாமென்றால் பெற்றோர்தான் விலக்க வேண்டும். பெற்றோர் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையில், கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே மேலே போவார்கள். அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியதற்காகவே இந்தச் சட்டத்தைப் பாராட்டலாம்.

ஆங்கிலத்தில் பெரிய மோதல் இல்லை. எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கோர்வை எழுத்தை ('கர்சிவ்') மட்டும் சொல்ல வேண்டும். காமன் கோர் அதைப் பேசுவதே இல்லை. டெக்சாஸ் 2019 முதல் இரண்டாம் வகுப்பிலிருந்து அதை மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. கலிஃபோர்னியா 2023-இல் தனிச் சட்டம் போட்டு ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை அதைக் கொண்டுவந்தது. போட்டி மாநிலத்தைப் பார்த்து யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை என்று சொல்ல முடியாது.

அறிவியலில் என் சாய்வு கலிஃபோர்னியாவுக்கு. 2013-இல் அது ஏற்ற தரநிலைகள், கடந்த நூறாண்டில் புவிவெப்பம் ஏன் உயர்ந்தது என்ற கேள்வியை நடுநிலைப் பள்ளிப் பிள்ளையின் முன் நேராக வைக்கின்றன. டெக்சாஸிலும் புதிய அறிவியல் தரநிலைகள் வந்திருக்கின்றன. ஆனால் 2023-இல் மாநிலக் கல்வி வாரியம் சில எட்டாம் வகுப்பு நூல்களைத் தள்ளியபோது காலநிலைப் பாடங்களே முக்கியச் சர்ச்சையாக இருந்தன.

அந்த வாரியத்தைப் புரிந்துகொள்ளாமல் டெக்சாஸைப் புரிந்துகொள்ள முடியாது. அதன் 15 உறுப்பினர்களும் கட்சிச் சின்னத்தில் தேர்தலில் நின்று வெல்கிறவர்கள். கலிஃபோர்னிய வாரியத்தின் 11 பேரை ஆளுநர் நியமிக்கிறார். அதில் ஒருவர் பள்ளி மாணவர். பைபிள் கதைகள் இடம்பெற்ற 'புளூபானெட்' தொடக்கப் பள்ளிப் பாடங்களை டெக்சாஸ் வாரியம் 2024 நவம்பரில் 8-க்கு 7 என்ற வாக்கில்தான் ஏற்றது. அவற்றை எடுத்துக்கொள்வதா என்பது பள்ளி மாவட்டத்தின் விருப்பம். எடுத்துக்கொண்டால் மாணவருக்கு 60 டாலர் வரை கூடுதல் நிதி. இங்கேயும் புழு, தூண்டில் மட்டும் வேறு. ஆகவே டல்லாஸ் பக்கம் வீடு பார்க்கிறவர்கள், அந்தப் பகுதியின் பள்ளி மாவட்டம் எந்தப் பாடங்களை எடுத்திருக்கிறது என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் சண்டை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆறாம் வகுப்பில் பண்டைய இந்தியாவைப் படிக்கிறார்கள்; சாதியைப் பற்றி என்ன எழுதுவது, 'இந்தியா'வா 'தெற்காசியா'வா என்று 2016-இல் இந்திய வம்சாவளியினரே இரு அணியாக நின்று வாதாடினார்கள். டெக்சாஸின் ஆறாம் வகுப்பில் இன்றைய உலகின் பண்பாடுகள்தான் பாடம் என்பதால் அந்த வாதம் அங்கே அவ்வளவு சூடு பிடிக்கவில்லை.

தேர்வில் டெக்சாஸ் கறார். உயர்நிலைப் பள்ளியை முடிக்க இயற்கணிதம், உயிரியல், அமெரிக்க வரலாறு, இரண்டு ஆங்கிலத் தாள்கள் என ஐந்து மாநிலத் தேர்வுகள். கலிஃபோர்னியாவில் பெற்றோர் எழுதிக்கொடுத்தால் மாநிலத் தேர்விலிருந்து பிள்ளைக்கு விலக்கு உண்டு. டெக்சாஸில் அந்த உரிமை இல்லை.

இடம் மாறுகிறவர்களுக்கு: மூன்றாம், நான்காம் வகுப்பு முடித்துக் கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸ் போகும் பிள்ளைக்கு அந்தக் கோடை விடுமுறையில் நீள்வகுத்தலைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்; மற்றவற்றைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். எதிர்த்திசையில் போகும் பிள்ளைக்கு ஓராண்டு சலிப்பாக இருக்கும். அதோடு டெக்சாஸில் பழகிய ஒரு வசதியும் போய்விடும். அங்கே பாடத்தைப் படிக்காமலே தேர்வு எழுதி 80 மதிப்பெண் எடுத்தால் ஆறாம் வகுப்பு முதல் அந்தப் பாடத்தைத் தாண்டலாம். தொடக்க வகுப்புகளில் நான்கு முதன்மைப் பாடங்களிலும் அவ்வாறு எடுத்து, பள்ளி மாவட்டமும் பரிந்துரைத்தால் வகுப்பையே தாண்டலாம். கலிஃபோர்னியாவில் மாநிலம் முழுவதற்குமான அப்படியொரு கதவு இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் பிள்ளையை எந்த நிலையில் சேர்ப்பது என்பதற்கு எழுதிவைத்த விதி வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சேர்க்கைக்குப் போகும்போது அந்த விதியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.