ஒரே லாரி, பல பிறவிகள்: ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளுடன் 14 ஆண்டுகள்

ரோபோவிலிருந்து வாகனமாகவோ வேறு பொருளாகவோ உருமாறும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைச் சேர்க்கத் தொடங்கி எனக்கு 14 ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில ஆண்டுகளில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். அலமாரியில் இடமில்லாமல் போன பிறகு, லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் என்ற ஒரே பாத்திரத்தின் வெவ்வேறு வடிவமைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றில் பெரும்பகுதியைக் கைமாற்றிவிட்டேன். சிவப்பு முகப்பும் நீலக் கால்களும் கொண்ட அந்த லாரி இப்போது என்னிடம் 11 உருவங்களில் இருக்கிறது. பெட்டியைப் பிரித்த வாரத்தில் எழுதும் மதிப்பீட்டில் வண்ணத்தையும் அசைவையும் சொல்லிவிடலாம். மூட்டு எத்தனை ஆண்டு தாங்கும், உருமாற்றும் ஆசை எத்தனை மாதம் நீடிக்கும் என்பதைச் சொல்ல முடியாது. அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பொம்மை பிறந்த விதத்தை அறிந்தால் பின்னால் வந்த மறுவடிவமைப்புகள் எளிதில் புரியும். ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980-இல் தொடங்கிய டயாக்ளோன் வரிசையிலும், பின்னர் வந்த மைக்ரோ சேஞ்ச் வரிசையிலும் இருந்த பொம்மைகளைத்தான் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984-இல் புதிய பெயர்களுடனும் ஒரு கதையுடனும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. ஆப்டிமஸ் டயாக்ளோனிலிருந்து வந்தவர். துப்பாக்கியாக மாறும் மெகாட்ரானும் கேசட் பிளேயராக மாறும் சவுண்ட்வேவும் மைக்ரோ சேஞ்சிலிருந்து வந்தவர்கள். டயாக்ளோன் கதையில் இவை உயிருள்ள ரோபோக்கள் அல்ல, மனிதர் ஓட்டும் இயந்திரங்கள். காலில் காந்தம் பதித்த சின்னஞ்சிறு ஓட்டுநர்கள் அவற்றுடன் வருவார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ஆனபோது ஓட்டுநர்கள் நீக்கப்பட்டார்கள், இருக்கைகள் மட்டும் தங்கிவிட்டன. என்னிடமுள்ள முதல் வடிவத்தின் மறுபதிப்பில் நெஞ்சைத் திறந்தால் அந்த ஆளில்லாத இருக்கைகளைப் பார்க்கலாம். 11 பொம்மைகளிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பொம்மை முதலில் வந்தது, கார்ட்டூன் அதன் பிறகு வந்தது. ஓவியர்கள் பொம்மையை எளிமையாக்கி வரைந்தார்கள். வேனாக மாறும் அயர்ன்ஹைட் என்ற ரோபோவின் முதல் பொம்மைக்குத் தலையென்றே ஒன்று கிடையாது, கண்ணாடிக்குப் பின்னால் முகம் அச்சிட்ட ஒட்டுத்தாள்தான் இருந்தது. திரையிலோ அவருக்கு முழுத் தலை உண்டு. குழந்தைகள் திரையில் கண்ட உருவத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். பிற்கால வடிவமைப்பாளர்கள் பலரும் அந்த உருவத்தைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவரத்தான் முயன்றுவருகிறார்கள். முதல் பொம்மை திரையுருவத்துக்குத் தாய்; இன்றைய பொம்மைகள் அந்தத் திரையுருவத்தின் பிள்ளைகள். பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் சாயல் குறைந்திருப்பதில் வியப்பில்லை.

முதல் வடிவத்தைக் கையாள்வது எளிது. லாரியின் பின்பகுதி கால்களாகும், முகப்பு நெஞ்சாகும், பக்கங்களிலிருந்து கைகள் வரும், தலை வெளியே புரளும். முஷ்டிகளை மட்டும் தனியே எடுத்துச் செருக வேண்டும். தொலைவதில் முதலிடம் அவற்றுக்குத்தான். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உருமாறிய பின் கையை முன்னும் பின்னும் ஆட்டலாம், அதற்குமேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஆயினும், உலோகம் கலந்த உடலின் குளிர்ச்சியும் எடையும் ஒவ்வொரு பகுதியும் தன் இடத்தில் அமரும் உறுதியும் சலிப்பதில்லை. மறுபதிப்பு வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2002-இல் அமெரிக்காவில் வந்த மறுபதிப்பில், பாதுகாப்பு கருதிப் புகைபோக்கிகளைக் குட்டையாக்கிவிட்டார்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் பழைய படத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கு லாரி முடிவெட்டிக்கொண்டது போலத் தோன்றும்.

பெரிய மறுவடிவமைப்பு 2003-இல், சேர்ப்பவர்களுக்கான மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் பொம்மையான எம்.பி.-01 வழியாக வந்தது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரம், நிறைய உலோகம், கடக் கடக் என்று படிப்படியாக நிற்கும் மூட்டுகள். அதைத் தூக்கும்போது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணமே வருவதில்லை. ஆனால் அந்த வரிசையில் பின்னர் கார்களும் வரவிருந்தபோது ஆப்டிமஸை அவற்றுக்கு ஏற்ற அளவில் மீண்டும் வடிவமைக்க வேண்டியதாயிற்று. 2011-இல் வந்த எம்.பி.-10 அந்த வேலையைச் செய்தது. உயரம் குறைந்தது, உலோகம் குறைந்தது, டிரெய்லர் பெட்டியுடனேயே வந்தது. எடை குறைந்ததை அப்போது நான் இறக்கமாகவே நினைத்தேன். இத்தனை ஆண்டுகளில் மிக அதிகமாக உருமாற்றியது அதையே என்பதால், நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கைகள் எந்த வரிசையில் மடிய வேண்டும் என்பது விரல்களுக்கே தெரிந்துவிட்டது, குறிப்பேட்டைப் பார்த்து ஆண்டுகளாகின்றன.

2019-இல் வந்த எம்.பி.-44 திரையுருவத்துக்கு இன்னும் நெருங்கியது. ரோபோவாக நிற்கும்போது அதன் அருகில் மற்றவை வேடம் போட்டவை போலத் தெரியும். அந்த அழகுக்கு விலை உண்டு. ஓவியத்தில் லாரியின் பாகங்கள் எங்கே போயின என்று எவரும் கேட்பதில்லை. பொம்மையில் அவை எங்காவது போயாக வேண்டும். ஆகவே தகடுகள் சிறு துண்டுகளாகப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று மடிந்து, முதுகிலும் காலுக்குள்ளும் மறைகின்றன. இந்த அடுக்குமுறை ஒரு பொறியியல் சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உருமாற்றம் எனக்கு ஒரு மாலைநேர வேலையாகிவிட்டது, ஏதாவது நினைத்துக்கொண்டே கைபோன போக்கில் செய்ய முடிவதில்லை. அது கடந்த இரண்டு ஆண்டுகளாக ரோபோவாகவே நிற்கிறது. உருமாற்றப்படாத உருமாறும் பொம்மையை வெறும் சிலை என்றே எண்ணுகிறேன், நல்ல சிலைதான்.

திரைப்பட வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007 படத்துக்காக ஆப்டிமஸ் நீண்ட மூக்குடைய லாரியானார். அந்த ஆண்டின் லீடர் என்ற பெரிய அளவுப் பொம்மையையும் 2018-இல் திரைப்பட உருவங்களுக்கான ஸ்டுடியோ சீரிஸ் வரிசையில் வந்த வாயேஜர் என்ற நடுத்தர அளவுப் பொம்மையையும் அருகருகே வைத்தால், இடைப்பட்ட 11 ஆண்டுகளில் வடிவமைப்பாளர்கள் கற்றுக்கொண்டது விளங்கும். பின்னது சிறியது, ஆனால் உடல் விகிதமும் அசைவும் மிகவும் தேறியவை. படம் வந்த ஆண்டின் பொம்மையைவிட அதே படத்துக்காகப் பல ஆண்டு கழித்து வரும் பொம்மை நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அசைவு என்றதும் 1996-இல் தொடங்கிய பீஸ்ட் வார்ஸ் வரிசையை விட்டுவிட முடியாது. விலங்குகளாக மாறும் அந்தப் பொம்மைகளில் பந்து மூட்டுகள் பரவலாக வந்தன, தோளும் இடுப்பும் எல்லாத் திசையிலும் திரும்பின. அதற்குப் பிறகு கை கால் அசையாத ரோபோவை யாரும் ஏற்கவில்லை. 2024-இல் வந்த மிஸ்ஸிங் லிங்க் வரிசையின் முதல் பொம்மை 1984 உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு மூட்டுகளை மட்டும் கூட்டியிருக்கிறது. திரையை விட்டுப் பழைய பொம்மையையே மூலமாகக் கொண்ட இந்தத் திசை எனக்கு உவப்பானது.

சேர்ப்பவர்களைச் சலிப்படைய வைப்பது ஒரே அச்சில் வரும் நிறமாற்றப் பதிப்புகள். இது புதிய வழக்கமன்று. ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் ஆகிய மூன்று விமானங்களும் 1984-இலேயே ஒரே அச்சில் வந்தவை. எஃகு அச்சு செய்யும் செலவு மிகப் பெரிது, அதைப் பலமுறை பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும். தலையை மட்டும் மாற்றி வேறு பாத்திரமாக்குவதும் இதனால்தான். நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: உருமாற்றும் முறை வேறாக இல்லாவிட்டால் வாங்குவதில்லை. இரண்டு முறை இந்த விதியை மீறியிருக்கிறேன், இரண்டும் கறுப்பு நிற லாரிகள்.

இனி முதுமை. பந்து மூட்டு தளர்ந்தால் பந்தின் மேல் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகு பொருத்தலாம். அவசரப்பட்டு மூன்று பூச்சு தடவி அழுத்தியதில் ஒரு பொம்மையின் இடுப்புக் கிண்ணத்தைப் பிளந்தது என் கைதான், பொம்மையைக் குறை சொல்ல முடியாது. திருகாணி உள்ள மூட்டை இறுக்கலாம். உலோக ஊசி அடித்த மூட்டில் அந்த வசதி இல்லை. வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கச் செய்யலாம், ஆனால் மஞ்சள் திரும்பி வருவதுண்டு. ரப்பர் சக்கரம் வேறொரு பிளாஸ்டிக் பரப்பில் மாதக்கணக்கில் அழுந்தியிருந்தால் தடம் பதியும். பேசும் பொம்மைகளின் மின்கலத்தை உடனே எடுத்துவிட வேண்டும்.

மருந்தே இல்லாத நோய் ஒன்று உண்டு. 1980-களின் பிற்பகுதியிலிருந்து சில பொம்மைகளில் பொன்துகள் கலந்து சுழிசுழியாகத் தெரியும் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்கள். அது காலப்போக்கில் பிஸ்கட்டைப் போல நொறுங்கும். பெட்டியிலேயே இருந்தாலும் தப்பாது. 1988-இன் பிளாக் ஸாரக் இதற்குப் பெயர்போனது. இதை அறியாத காலத்தில், பிரிக்கப்படாத பழைய பொம்மை ஒன்றை ஒருவரிடம் வாங்கி, முதன்முறை கையைத் திருப்பியபோது தோள் தூளாகி விரலில் ஒட்டியது. அந்தப் பொன்னிறத் துகளை ஒரு சிறு குப்பியில் போட்டு, புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

இப்போது மேசைமேல் எம்.பி.-10 லாரியாக நிற்கிறது. இடது முழங்கால் சற்றுத் தளர்ந்திருக்கிறது. இந்த முறை ஒரே ஒரு பூச்சுதான் தடவப்போகிறேன்.